ஒருவர் வினையும் ஊரார் தண்டனையும்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்துள்ள திருக்கோவிலூர், சங்க காலத்தில் கோவலூர் எனப் பெயர் பெற்றிருந்தது. மலையமான் திருமுடிக்காரியின் ஊர் அது. அதனை ஒருகால் வென்றவன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. அவ்வட்டாரத்து ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு, அவ்வதியமானே துறவியர்க்கு உறைவிடம் ஈந்தான் என்று சான்று பகர்கின்றது. போர் புரிந்த கையே அறவோர்க்குப் பாழி அமைத்துத் தந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

மலையமான் குடியைப் பற்றிய வேறொரு நிகழ்ச்சியே இப்பாடத்தின் தொடக்கம். சோழன் கிள்ளிவளவன் மலையமானோடு பகை கொண்டான். அப்பகையின் காரணமாக மலையமானின் இளஞ்சிறுவர்களைப் பிடித்து யானைக் காலில் இடத் துணிந்தான். அவ்விடத்தில் கோவூர் கிழார் என்னும் புலவர் குறுக்கிட்டுப் பாடிச் சிறுவரை உயிர் பிழைக்கச் செய்தார். அப்பாடல் புறநானூற்றில் 46ஆம் பாட்டாக உள்ளது. தம்மைக் கொல்ல வந்த யானையைக் கண்டு அழுகையையும் மறந்து வேடிக்கை பார்த்த குழந்தைகளை அதில் காண்கிறோம். பகை இன்னதென்றே அறியாதவர் பகைவராகத் தண்டிக்கப்பட இருந்தனர்.

தந்தை செய்ததற்கு மைந்தர் பொறுப்பாவரோ? ஒருவர் செய்ததற்கு ஊரார் பொறுப்பாவரோ? இவ்வினாவை இம்முறை ஆராய்வோம்.

வினா எழுந்த வகை

நம் பிள்ளைகளுட் பலர் கிறித்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளில் பயின்று வருகின்றனர். அங்குக் கேட்ட கதைகளை வீட்டிற்கு வந்து கூறுகின்றனர். எகிப்து மன்னன் அடிமைகளை விடுவிக்க மறுத்தான், அதற்காக அந்நாட்டின் தலைப்பிள்ளைகள் அனைவரும் ஒரே இரவில் மாண்டனர் என்னும் கதையைக் கேட்ட பிள்ளை, "மன்னன் செய்த தவற்றுக்குப் பிள்ளைகள் ஏன் இறக்க வேண்டும்?" என்று வினவுகிறது. பெற்றோர் சிலர், "அது அவர்கள் மதம், நமக்கேன்?" என்று வாயடைத்து விடுகின்றனர். வேறு சிலர், "பார்த்தாயா, நம் அறமே உயர்ந்தது" என்று பெருமிதம் கொண்டு முடிக்கின்றனர். இவ்விரண்டும் விடையாகா. அனேகாந்த நெறியில் நிற்கும் நாம் பிறர் நூலை ஆராயும்போது அந்நூலின் எல்லாப் பக்கங்களையும் நோக்குதல் வேண்டும். பின்னர் அதே கண்ணால் நம் நூல்களையும் நோக்குதல் வேண்டும்.

எபிரேய மறைநூல் கூறுவன

யூதர்களின் மறைநூலே கிறித்தவர்களால் பழைய ஏற்பாடு எனப்படுகிறது. அதில் கூட்டுத் தண்டனைகள் பல கூறப்படுகின்றன. ஆதியாகமத்தில் உலகையே அழித்த பெருவெள்ளம் வருகிறது. நோவாவின் குடும்பமும் பேழையில் ஏறிய உயிரினங்களும் மட்டுமே பிழைக்கின்றன. நிலத்தில் வாழ்ந்த விலங்கும் பறவையும் செய்த குற்றம் யாது என்பது, ஓரறிவுயிரையும் பேணும் நமக்கு உடனே தோன்றும் வினாவாகும். யாத்திராகமத்தில், தந்தையரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை மக்கள்மேல் விசாரிக்கப்படும் என்னும் கட்டளை வருகிறது.

யோசுவா நூலில் ஆகான் என்பவன் வருகிறான். எரிகோ நகரின் கொள்ளைப் பொருளில் ஓர் ஆடையையும் வெள்ளியையும் பொற்பாளத்தையும் அவன் ஒளித்து வைத்தான். அவ்வொருவன் குற்றத்தினால் அடுத்த போரில் முப்பத்தாறு பேர் மடிந்தனர். உண்மை வெளிப்பட்டபின் அவனோடு அவன் மக்களும் ஆடுமாடுகளும் கொண்டுபோகப்பட்டுக் கல்லெறிந்து கொல்லப்பட்டு எரிக்கப்பட்டதாக நூல் கூறுகிறது. சாமுவேலின் இரண்டாம் நூலில், தாவீது மன்னன் குடிகளைக் கணக்கெடுத்தது குற்றமாகக் கொள்ளப்பட்டு, கொள்ளைநோயால் எழுபதாயிரம் பேர் இறக்கின்றனர். எண்ணியவன் மன்னன், இறந்தவர் எண்ணப்பட்டவர்.

அந்நூலிலேயே எழுந்த எதிர்க்குரல்

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் நீதி செய்தவராக மாட்டோம். இவற்றை வினவும் குரல் அந்நூலுக்குள்ளிருந்தே எழுகின்றது. சோதோம் நகரம் அழிக்கப்பட இருந்தபோது, நல்லவரையும் தீயவரையும் ஒருங்கே அழிப்பது நீதியாகுமா என்று ஆபிரகாம் கடவுளிடமே வாதிடுகிறார். ஐம்பது நல்லவர் இருந்தால் ஊரைக் காப்பதாக உறுதி பெற்று, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று குறைத்துக்கொண்டே வந்து பத்தில் நிறுத்துகிறார். கோவூர் கிழார் சோழன் முன்னிலையில் நின்ற நிலையும் இதுவன்றோ? எண்ணாகமத்தில் கோராகு என்பவன் கலகம் செய்தபோது, ஒருவன் பாவத்திற்காகச் சபை முழுவதன்மேலும் சினம் கொள்வதா என்று மோசேயும் ஆரோனும் முறையிடுகின்றனர். கொள்ளைநோயைக் கண்ட தாவீதும், தவறு செய்தவன் தானே என்றும், ஆடுகளைப் போன்ற இம்மக்கள் ஏதும் செய்திலர் என்றும் கதறுகிறான்.

உபாகமத்தின் 24ஆம் அதிகாரத்தில் சட்டமே அமைந்துவிடுகிறது. பிள்ளைகளுக்காகத் தந்தையரும், தந்தையருக்காகப் பிள்ளைகளும் கொல்லப்படலாகாது. அவரவர் பாவத்திற்கு அவரவரே சாதல் வேண்டும் என்பது அதன் கருத்து. யூதாவின் அரசன் அமத்சியா, தன் தந்தையைக் கொன்றவர்களைத் தண்டித்தபோதும், இச்சட்டத்தின்படி அவர்கள் பிள்ளைகளை உயிரோடு விட்டான் என்று அரசர் வரலாறு கூறுகிறது.

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எருசலேம் வீழ்ந்து, மக்கள் பாபிலோனுக்குச் சிறைபோயினர். முன்னோர் செய்த பாவத்திற்கு நாம் துன்புறுகிறோம் என்பது அவர்களிடையே பழமொழியாகவே வழங்கியது. அங்கிருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி அப்பழமொழியை இனிச் சொல்லலாகாது என விலக்கினார். பாவம் செய்த ஆத்துமா எதுவோ அதுவே சாகும் என்று விளக்கினார். பிற்காலத்து யூத அறிஞர்கள் தொகுத்த தால்மூது இன்னும் ஒருபடி மேற்சென்று, மோசே விதித்ததை எசேக்கியேல் வந்து நீக்கினார் என்றே கூறுகிறது. தம் மறைநூலின் ஒரு வாக்கை மற்றொரு வாக்கால் திருத்திக்கொள்ளும் துணிவு போற்றத்தக்கது.

நம் நூல்களின் பக்கம் திரும்புவோம்

இனி நம் நூல்களைப் பார்ப்போம். அருக நெறியினராக நாம் போற்றும் இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தில், கோவலனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக மதுரை எரிகிறது. குற்றம் செய்தவன் பொற்கொல்லன். ஆராயாது ஆணையிட்டவன் பாண்டியன். பாண்டியனோ உண்மை தெரிந்த அக்கணமே உயிர்துறந்து தன் கடனைத் தீர்த்தான். பின்னர் ஊர் ஏன் எரிய வேண்டும்? இவ்வினா காப்பியத்துக்கே தோன்றியிருக்கிறது. அதனாலேயே கண்ணகி தீக்கடவுளுக்கு எல்லை வகுக்கிறாள். அந்தணர், அறநெறியாளர், ஆநிரை, கற்புடை மகளிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கமே செல்லப் பணிக்கிறாள். ஆபிரகாம் வேண்டிய பிரிவினையைக் கண்ணகி சினத்தின் உச்சியிலும் மறந்திலள்.

ஆயினும் அதே நூலின் உரைபெறு கட்டுரை கூறுவதைப் படிப்போர் நெஞ்சம் நடுங்கும். பாண்டிநாட்டில் மழை பொய்த்தது. வறுமையும் நோயும் பரவின. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் பலியிட்டான். பின்னர் மழை பெய்தது என்கிறது நூல். பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். கழுத்துக் கொடுத்தவர் ஆயிரவர். அத்தொழிலைச் செய்தது ஒன்றே அவர் குற்றம்.

சாமுவேலின் இரண்டாம் நூலிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. மூன்றாண்டு பஞ்சம் வந்தது. முன்னிருந்த சவுல் மன்னன் கிபியோனியரைக் கொன்ற பழியே காரணம் எனப்பட்டது. சவுலின் வழித்தோன்றல் எழுவர் ஒப்படைக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டனர். அவருள் இருவரின் தாயாகிய ரிஸ்பாள், பாறைமேல் இரட்டை விரித்து, மழை பொழியும் வரை இரவும் பகலும் பறவையும் விலங்கும் பிணங்களை அணுகாது காத்தாள். எபிரேய நூல் அத்தாயின் பெயரையேனும் நமக்கு விட்டுச் சென்றது. கொற்கையின் ஆயிரவர்க்கு அழுத தாயர் பெயரை நாம் அறியோம். இதனை நம் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு எகிப்தின் தலைப்பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுதல் நேர்மையன்று.

துவாரகையின் கதையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஜினசேனாசாரியர் கி.பி. 783இல் நிறைவு செய்த அரிவம்ச புராணம் அதனை விரிக்கிறது. மதுவுண்டு மயங்கிய இளைஞர் சிலர் துவீபாயன முனிவனை இகழ்ந்து தாக்கினர். கண்ணனும் பலராமனும் மன்னிப்பு வேண்டியும் முனிவன் சினம் ஆறவில்லை. அச்சினமே தீயாகி நகர் முழுவதையும் உண்டது. ஈண்டு நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. நேமிநாத பகவான் அழிவை முன்னறிவித்தார், அழிக்கவில்லை. எரித்தவனும் நீதிபதியாகப் போற்றப்படவில்லை. சினத்தால் தன் தவத்தை எரித்துக் கொண்டவனாகவே கருதப்படுகிறான். ஊரை எரித்த தீயை நம் புராணம் நீதி என்று கூறவில்லை. கஷாயத்தின் விளைவு என்றே கூறுகிறது.

நம் முன்னோர் பட்டது

இது நமக்கு வெறும் ஏட்டு ஆராய்ச்சியன்று. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் எனப் பெரியபுராணம் பேசுகிறது. அது நிகழ்ந்ததா என்பதில் வரலாற்றறிஞரிடையே ஐயம் உண்டு. எனினும், வாதில் தோற்றவர் சிலராயின் இறக்க வேண்டியவர் எண்ணாயிரவர் என்னும் கணக்கு எத்தனை நூற்றாண்டுகள் கேள்வியின்றிச் சொல்லப்பட்டது!

நம் தென்னார்க்காட்டு நிலத்திற்கே உரிய செவிவழி வரலாறும் ஒன்றுண்டு. 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் அது இடம்பெற்றது. கி.பி. 1478இல் செஞ்சியை ஆண்ட தலைவன் நம்மவரிடம் பெண் கேட்டான் என்றும், தருவதாகச் சொன்னவர் மணநாளில் வீட்டைக் காலி செய்து திண்ணைக் காலில் பெண்நாயைக் கட்டிச் சென்றார் என்றும், சினங்கொண்ட தலைவன் சமணர் அனைவரையும் தலைவெட்ட ஆணையிட்டான் என்றும் அது கூறும். பலர் மாண்டனர், பலர் நாடு நீங்கினர், பலர் திருநீறு பூசி மறைந்து வாழ்ந்தனர். பின்னர், மறைவில் அருக நெறிப்படி நியமம் செய்த ஒருவர் பிடிபட்டபோது, தலைவனுக்கு மகன் பிறந்திருந்த மகிழ்ச்சியால் உயிர் பிழைத்தார் என்பர். அவரே பின்னர்ச் சிரவணபெளகுளம் சென்று துறவு பூண்டு வீரசேனாசாரியர் என விளங்கினார் என்றும், தாயனூர்க் காங்கேய உடையார் அவரை அழைத்து வந்து நம் குடிகளை மீண்டும் அறத்தில் நிறுத்தினார் என்றும் கேட்டு வளர்ந்தோம். ஒருவர் செய்த அவமதிப்புக்கு ஒரு சமுதாயமே தலை கொடுத்தது. அவ்வழியில் எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகளே நாம். ஆகவே ஊரார் தண்டனையைப் பற்றிப் பேசும்போது, தண்டனை பெற்றவர் பக்கமிருந்து பேசுகிறோம்.

திருவறம் கூறும் விடை

உயிர் தன் வினையைத் தானே செய்கிறது. அதன் பயனைத் தானே துய்க்கிறது. மனம், மொழி, மெய் ஆகியவற்றின் இயக்கத்தால் வினை ஊற்றாக வருகிறது, கஷாயங்களால் கட்டுறுகிறது, செறிப்பினால் தடைபடுகிறது, தவத்தால் உதிர்கிறது. இக்கணக்கில் தந்தை பெயரில் மகன் பற்று எழுத இயலாது. தண்டிப்பதற்கென ஒரு கடவுளும் இல்லை. அருகன் வழிகாட்டுபவனேயன்றி வாள் பிடிப்பவனல்லன். எனவே கடவுள் நீதியுடையவரா என்னும் வினா நம்மிடத்து எழுவதில்லை.

ஆனால் மற்றொரு வினா எழுகிறது, அது எளியதன்று. 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பித் திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டது. நல்லவர் வீடு, தீயவர் வீடு என்று ஆறு பார்க்கவில்லை. பலர் ஒருங்கே துன்புறுவது எவ்வாறு? ஓடம் கவிழும்போது ஏறியவர் அனைவரும் நனைவர். ஆயினும் அவரவர் ஏறியது அவரவர் காரணத்தால் என்பது போல, பலருடைய தனித்தனி வினைகள் ஒரு புறக்காரணத்தைப் பற்றி ஒரே காலத்தில் பயன்தரலாம் என்பர் ஆன்றோர்.

இவ்விடை தன்னளவில் சரியே. ஆனால் இதனைப் பிறர்மேல் ஏவினால் அது கொடுமையாகும். வீடிழந்தவனை நோக்கி "அது உன் வினை" என்பவனுக்கும், யானை முன் நின்ற சிறுவரைக் கண்டு "அது மலையமான் வினை" என்றிருந்த சோழனுக்கும் வேறுபாடு யாது? கடவுள் தண்டனை என்னும் சொல்லை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் வினை என்னும் சொல்லை வைத்து, நெஞ்சை மட்டும் பழையபடி கல்லாக வைத்திருப்பது அறமாகாது.

இங்கு மூன்று தெளிவுகள் வேண்டும்.

முதலாவது, துன்புறுபவரின் வினை, துன்புறுத்துபவரின் குற்றத்தைக் கழுவாது. சிறுவர்க்குப் பழவினை இருந்திருப்பினும், யானையை ஏவியிருந்தால் சோழன் தன் கொலைவினையைத் தானே கட்டியிருப்பான். சிலப்பதிகாரம் கோவலனின் முற்பிறப்பைக் கூறுகிறது. பரதன் என்னும் பெயரோடு அவன் சங்கமன் என்னும் வணிகனைப் பொய்ப்பழி கூறிக் கொல்வித்தவன். அதனால் பாண்டியன் குற்றமற்றவன் என்று இளங்கோவடிகள் முடித்தாரா? இல்லை. பாண்டியன் தன் வாயாலேயே தன்னைக் கள்வன் என்று கூறிக்கொண்டு மாண்டான்.

இரண்டாவது, வினை விதியன்று. அதன் பயன் இடம், காலம், மனநிலை முதலியவற்றைப் பொறுத்தது; குறைக்கவும் உதிர்க்கவும் கூடியது. உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாதலே அவற்றின் இயல்பு எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அதிகாரம் போதிக்கிறது. கோவூர் கிழார் வாய் திறந்ததும் அச்சிறுவர் பிழைப்பதற்கு ஒரு நிமித்தமாயிற்று. நாம் வாய் திறவாமையும் பிறர் அழிவுக்கு நிமித்தமாகலாம்.

மூன்றாவது, விளைவு வேறு, குற்றம் வேறு. தந்தை குடித்தால் பிள்ளை பசித்திருக்கும், இது விளைவு. அதற்காகப் பிள்ளையையும் இழிவாக நடத்துதல் தண்டனை, அதற்கு நியாயமில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். "குடித்தவர்கள்தாமே" என்று சொல்லிக் கடந்தவர் உண்டு. பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகள் என்ன குடித்தனர்? மூன்றாம் நான்காம் தலைமுறை வரை என்னும் பழைய வாக்கை விளைவு எனக் கொண்டால் அஃது உலகியல் உண்மை. தண்டனை எனக் கொண்டால் அநீதி.

நம் வீட்டு வழக்கு

இப்பாடம் நம் வீட்டு முற்றத்திற்கும் வந்தாக வேண்டும். ஓடிப்போன ஒருத்தியின் தங்கைக்கு வரன் வாராமற் செய்வது யார்? கடன் பட்டு ஊரை விட்டுப் போனவன் மனைவியை ஜினாலயத் திருவிழாவில் ஒதுங்கி நிற்கச் செய்வது யார்? "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்னும் ஒரு சொல் எத்தனை பிள்ளைகளை யானைக் காலில் இடுகின்றது! எபிரேய நூலை வினவத் துணிந்த நாம், இச்சொல்லை வினவத் துணிந்தோமா? பரநிந்தையும் நீச கோத்திர வினைக்கு ஊற்று என்று படித்திருக்கிறோம். ஒரு குடியையே நிந்திப்பது எத்துணைப் பெரிய ஊற்று!

கோவூர் கிழார் சோழனிடம் சொன்னதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. சோழன், புறாவின் துயர் தீர்த்தவன் மரபினன் என்று அவர் நினைவூட்டினார். சிறுவரோ, புலவர் வறுமையறியாதபடி தம் உணவைப் பகிர்ந்தோர் மரபினர் என்றார். குலத்தைக் காட்டித் தண்டிக்க நின்றவனிடம் குலத்தைக் காட்டியே இரக்கம் வேண்டினார். முன்னோரின் பாவத்தைப் பிள்ளைகள்மேல் ஏற்றுவோர், முன்னோரின் நன்மையை மட்டும் ஏன் மறக்கின்றனர்? உலகியலில் குலப்பெருமை பேசியே தீரவேண்டுமாயின், பிறருக்கு நன்மை செய்வதற்காகப் பேசுவோம். சோழன் கேட்டான், சிறுவர் பிழைத்தனர்.

அடுத்த முறை நம் பிள்ளை எகிப்தின் தலைப்பிள்ளைகளைப் பற்றி வினவினால் வாயடைக்க வேண்டா. "நீ கேட்டது சரியான கேள்வி. ஆபிரகாமும் அதையே கேட்டார், எசேக்கியேலும் கேட்டார், நம் கோவூர் கிழாரும் கேட்டார்" என்று கூறுவோம். பிறகு கொற்கையின் ஆயிரவர் கதையையும் சேர்த்துக் கூறுவோம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. கண்ணகி தீக்கடவுளுக்கு வகுத்த எல்லையையும், ஆபிரகாம் சோதோமுக்காக வேண்டியதையும் ஒப்பிடுக. இரண்டிலும் ஒற்றுமை யாது, வேற்றுமை யாது?

2. விளைவுக்கும் தண்டனைக்கும் உள்ள வேறுபாட்டிற்கு உங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுக.

3. ஒருவர் செயலுக்காக அவர் குடும்பத்தையே குறை கூறிய வேளை உங்கள் வீட்டில் உண்டா? இனி அவ்வேளை வரின் யார் முதலில் வாய் திறப்பது?

மூன்றாம் வினாவைப் பெரியோரும் சிறியோரும் ஒருங்கு அமர்ந்து, மாலை வழிபாட்டிற்குப் பின் கலந்து பேசுக.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!